ஞாயிறு வகுப்பு ஆசிரியர்களுக்கும் ஒரு வரம்பு வேண்டும்

ஆகஸ்ட் மாதம் வந்தால் டெக்ஸாஸில் பள்ளிக்கூடங்கள் திறந்துவிடும். அதையொட்டி ஆலயங்களில் நடைபெறும் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புகளும் சமய வகுப்புகளும் தொடங்கும். உற்சவப் பத்திரிகைக்கும் அபிஷேகக் கட்டண விவரத்துக்கும் நடுவே, "ஆசிரியர்கள் தேவை" என்ற தாள் ஒன்றும் அறிவிப்புப் பலகையில் ஏறும். இந்தத் தாள் ஆண்டு தவறாமல் ஏறுவதை அங்கத்தினர்கள் கவனித்திருப்பார்கள். பிள்ளைகள் பெருகிவிட்டார்கள், ஆகவே ஆசிரியர்கள் தேவைப்படுகிறார்கள் என்பது பொதுவான எண்ணம். அது பாதி உண்மை. சென்ற ஆண்டு கற்பித்தவர்களில் சிலர் இவ்வாண்டு வரவில்லை என்பது மறு பாதி.

அவர்கள் சண்டை போட்டுக்கொண்டு போனவர்கள் அல்லர். "வீட்டில் கொஞ்சம் வேலை அதிகம், அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று புன்னகையோடு சொல்லிவிட்டு விலகுகிறார்கள். மனஸ்தாபம் ஏதும் இல்லாததால், ஏன் போனார்கள் என்று எந்த நிர்வாகக் குழுவும் கேட்பதில்லை. அடுத்த ஞாயிறு கோயிலில் பார்த்தால் இரண்டு தரப்பும் கைகூப்பிக்கொள்கின்றன. வகுப்பு மட்டும் ஆசிரியர் இல்லாமல் நிற்கிறது. அல்லது பக்கத்து வகுப்போடு சேர்க்கப்பட்டு, அங்கே இருக்கும் ஆசிரியைக்கு 20 பிள்ளைகள் 30 பிள்ளைகளாகிவிடுகிறார்கள். அடுத்த ஆண்டு அந்த ஆசிரியைக்கும் வீட்டில் வேலை அதிகமாகிவிடுகிறது.

ஒரு ஆசிரியையின் வாரத்தை உத்தேசமாகக் கணக்கிட்டுப் பார்க்கலாம். வகுப்பு 2 மணி நேரம். வீட்டுப்பாட நோட்டு ஒன்றுக்கு 4 நிமிடம் என்று வைத்தாலும் 20 பிள்ளைகளுக்கு 80 நிமிடம். அடுத்த பாடத்தைத் தயாரிக்க ஒன்றரை மணி. ஹூஸ்டன் போன்ற ஊரில் போக அரை மணி, வர அரை மணி. பெற்றோர்களின் வாட்ஸ்அப் செய்திகளுக்குப் பதில் எழுத வாரத்துக்கு அரை மணி. இது மிகக் குறைத்த மதிப்பீடு. கூட்டினால் 6 மணி 20 நிமிடம். ஆண்டுக்கு 36 வாரம் என்றால் 228 மணி. எட்டு மணி நேர உத்தியோக நாளாக மாற்றினால் 28 நாளுக்கு மேல் வருகிறது. இந்நாட்டில் உத்தியோகம் பார்க்கும் பலருக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் விடுமுறை இதில் பாதிதான். ஆண்டு விழா ஒத்திகை, பொங்கல் விழாச் சாப்பாட்டுக் கடை, நவராத்திரிக் கொலு நிகழ்ச்சி ஆகியவை இந்தக் கணக்கில் சேரவில்லை. அவற்றுக்கும் முதலில் கூப்பிடப்படுகிறவர்கள் ஆசிரியர்களே. 'பிள்ளைகளைத் தெரிந்தவர்கள் அவர்கள்தானே' என்பது அதற்குச் சொல்லப்படும் நியாயம்.

(அமெரிக்க வருமான வரிச் சட்டம் தர்ம காரியத்துக்காகக் கார் ஓட்டுகிறவருக்கு மைலுக்கு 14 சென்ட் கழிவு தருகிறது. 1998இலிருந்து இந்தத் தொகை மாறவே இல்லை. தொழிலுக்காகக் கார் ஓட்டுகிறவருக்கு 2025இல் மைலுக்கு 70 சென்ட். 40 மைல் போய்வரும் ஞாயிறு ஆசிரியையின் கணக்கில் 5 டாலர் 60 சென்ட் வரும். தொண்டுக்கு அரசாங்கம் வைத்திருக்கும் விலை இது.)

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது தெரியாத விஷயமல்ல. நியூயார்க் ஃப்ளஷிங்கில் விநாயகர் ஆலயம் 1977இல் குடமுழுக்குக் கண்டது. ஹூஸ்டன் அருகே பியர்லாந்தில் மீனாட்சி ஆலயம் 1982இலும், கலிபோர்னியாவில் லிவர்மோர் சிவ விஷ்ணு ஆலயம் 1986இலும் எழுந்தன. அந்தத் தலைமுறையில் இன்னார் வேலை இன்னது என்ற பாகுபாடே இல்லை. வாரம் முழுவதும் ஆஸ்பத்திரியிலும் ஆராய்ச்சிக் கூடத்திலும் வேலை பார்த்தவர்கள் சனி ஞாயிறுகளில் கோயிலில் பாத்திரம் தேய்த்தார்கள், பந்தி பரிமாறினார்கள், நன்கொடைச் சீட்டு எழுதினார்கள். அப்போது தமிழ் வகுப்பு என்பது ஒருவர் வீட்டு ஹாலில் ஏழெட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்து 'அ, ஆ' எழுதுவது. அதற்கு விதி எதற்கு, வரம்பு எதற்கு?

இன்று நிலைமை அதுவல்ல. 1998இல் கூபர்ட்டினோவில் சில பிள்ளைகளோடு தொடங்கிய கலிபோர்னியா தமிழ் அகாடமி ஆயிரக்கணக்கான மாணவர்களைக் கொண்ட நிறுவனமாக வளர்ந்திருக்கிறது, கற்பிப்பவர்கள் தொண்டர்களே. சில இடங்களில் வார இறுதித் தமிழ்ப் படிப்புக்கு உயர்நிலைப் பள்ளிகள் அந்நிய மொழிக்குரிய மதிப்புத் தருகின்றன. பெருமைப்பட வேண்டிய விஷயம், சந்தேகமில்லை. ஆனால் அந்த மதிப்பு சும்மா வருவதில்லை. வருகைப் பதிவு, பாடத்திட்டம், பரீட்சை, மதிப்பெண் பட்டியல் எல்லாம் முறையாக இருக்க வேண்டும். வகுப்பு பள்ளிக்கூடமாகிவிட்டது, ஆசிரியரை நடத்தும் விதம் மட்டும் இன்னமும் வீட்டு ஹாலிலேயே இருக்கிறது.

சம்பளம் வாங்கிக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இந்த மாநிலம் என்ன செய்திருக்கிறது என்று பார்த்தால் வித்தியாசம் புலப்படும். டெக்ஸாஸ் ஆசிரியர்களுக்கு மிகவும் தாராளமான மாநிலம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். இங்கே ஆசிரியர்கள் வேலை நிறுத்தம் செய்யச் சட்டம் இடந்தருவதில்லை. மேல்நேர ஊதியம் பற்றிய மத்தியச் சட்டமும் ஆசிரியர்களுக்குப் பொருந்தாது. ஆகவே வீட்டில் உட்கார்ந்து நோட்டுத் திருத்தும் நேரத்துக்கு விலை கிடையாது. இப்படிப்பட்ட இடத்திலேயே, 1984இல் கவர்னர் மார்க் வைட் காலத்தில் கல்விச் சீர்திருத்தச் சட்டம் ஒன்று நிறைவேறியது. டல்லாஸ் தொழிலதிபர் ராஸ் பெரோ தலைமையிலான குழுவின் யோசனைகளிலிருந்து பிறந்தது அது. பரீட்சையில் தேறாத மாணவன் பந்தாட்டத்தில் ஆட முடியாது என்ற விதியால்தான் அந்தச் சட்டம் அன்று பெரிதாகப் பேசப்பட்டது. ஆனால் கீழ் வகுப்புகளில் ஓர் அறையில் 22 பிள்ளைகளுக்கு மேல் கூடாது என்ற வரம்பும் அதே சட்டத்தில்தான் வந்தது. இன்றும் 4ஆம் வகுப்பு வரை அந்த வரம்பு உண்டு.

அதைவிடக் கவனிக்க வேண்டியது டெக்ஸாஸ் கல்விச் சட்டத் தொகுப்பில் உள்ள இரண்டு சிறிய பிரிவுகள். வகுப்பாசிரியர் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாரத்துக்கு 450 நிமிடம் ஒதுக்கப்பட வேண்டும் என்கிறது ஒன்று. பாடம் தயாரிக்கவும், நோட்டுத் திருத்தவும், பெற்றோரைச் சந்திக்கவும் உள்ள நேரம் அது. ஒரு தடவைக்கு 45 நிமிடத்துக்குக் குறையக்கூடாது. பள்ளி நடக்கும் நேரத்துக்குள்ளேயே தரப்பட வேண்டும். அந்த நேரத்தில் வேறு எந்த வேலையும் செய்யும்படி ஆசிரியரைக் கட்டாயப்படுத்தக்கூடாது. மற்றொரு பிரிவு, மதியச் சாப்பாட்டுக்கு 30 நிமிடம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இல்லாமல் தரப்பட வேண்டும் என்கிறது. ஆள் பற்றாக்குறை போன்ற நெருக்கடி வந்தாலும் வாரத்தில் ஒரு நாளுக்கு மேல் அந்த அரை மணியைப் பறிக்கக்கூடாது.

இந்த விதிகள் எல்லா இடத்திலும் ஒழுங்காக நடக்கின்றன என்று சொல்ல முடியாது. 22 என்ற வரம்புக்கு விலக்குக் கேட்கப் பள்ளி மாவட்டங்களுக்கு வழி உண்டு. 2011இல் சட்டசபை பள்ளி நிதியை 500 கோடி டாலருக்கு மேல் குறைத்தபோது விலக்குக் கேட்டவர்கள் பெருகினார்கள். ஆனாலும் விலக்கு என்று ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. 23ஆவது பிள்ளையை உள்ளே விடும்போது, தான் ஒரு கோட்டைத் தாண்டுவது நிர்வாகத்துக்குத் தெரிகிறது. ஞாயிறு வகுப்பில் 30ஆவது பிள்ளை வரும்போது யாருக்கும் ஒன்றும் தெரிவதில்லை. ஒரு நாற்காலி கூடுதலாகப் போடப்படுகிறது.

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் எழும். 'அது உத்தியோகம், இது கைங்கரியம். பகவான் காரியத்துக்கு மணிக்கணக்குப் பார்க்கலாமா?' என்று பெரியவர்கள் கேட்பார்கள். மரியாதையோடு பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. ஏனென்றால் கேட்பவர்களில் பலர் தாங்களே மணிக்கணக்குப் பார்க்காமல் உழைத்தவர்கள்.

பதில் பெரியவர்களின் சம்பிரதாயத்திலேயே இருக்கிறது. வேத பாடசாலையில் அநத்யயனம் என்று ஒன்று உண்டு. பிரதமை, அஷ்டமி, சதுர்த்தசி, அமாவாசை, பௌர்ணமி ஆகிய திதிகளில் புதுப் பாடம் சொல்வதில்லை. இடி மின்னல் வந்தாலும் நிறுத்திவிட வேண்டும் என்று தர்ம சாஸ்திரங்கள் சொல்கின்றன. மாணவன் ஓய்ந்தால் குருவும் ஓய்வார். வேதம் சொல்வதைவிட உயர்ந்த கைங்கரியம் இல்லை என்று நினைத்தவர்கள்தான் அதற்கு இத்தனை விடுமுறைகளை வைத்தார்கள்.

இன்னொன்றும் உண்டு, இது பலர் கவனிக்காமல் ஆண்டுதோறும் வாயால் சொல்வது. ஆவணி அவிட்டத்தன்று காலையில் யஜுர் வேதிகள் காமோகார்ஷீத் ஜபம் செய்கிறார்கள். ஆலய மண்டபத்தில் கும்பலாக உட்கார்ந்து சாஸ்திரிகள் சொல்வதைத் திருப்பிச் சொல்லும்போது, அது எதற்குப் பிராயச்சித்தம் என்று பெரும்பாலோர் கேட்டுக்கொள்வதில்லை. ஆவணியில் உபாகர்மம் செய்து தொடங்கிய வேதப் படிப்பை, பௌஷ மாதத்தில் உத்ஸர்ஜனம் என்ற கர்மாவைச் செய்து முறைப்படி நிறுத்த வேண்டும். அப்படி நிறுத்தாமல் விட்டதற்குத்தான் அந்த ஜபம். சங்கல்பத்திலேயே அது சொல்லப்படுகிறது. அதாவது, படிப்பைத் தொடங்காததற்கு அல்ல, உரிய காலத்தில் நிறுத்தாததற்கு மன்னிப்புக் கேட்கப்படுகிறது! இதைச் செய்துவிட்டு, மண்டபத்துக்கு வெளியே வந்து, தமிழாசிரியையிடம் "டிசம்பரிலும் வகுப்பு வைத்தால் என்ன?" என்று கேட்பது பொருத்தமாக இல்லை.

தமிழ்நாட்டுக் கோயில்களில் பரம்பரை அர்ச்சகர்கள் முறை போட்டுக்கொண்டு பூஜை செய்கிறார்கள். ஒருவர் முறை முடிந்தால் அடுத்தவர் வருகிறார். உச்சிக்காலம் முடிந்தால் நடை சாத்தப்படுகிறது. மதுரையில் மீனாட்சிக்கே இரவில் பள்ளியறை உண்டு. தெய்வத்தின் சந்நிதியில் முறையும் ஓய்வும் இருக்க, அதே வளாகத்தின் வகுப்பறையில் மட்டும் அவை இருக்கக்கூடாது என்பதற்கு எந்த ஆகமத்திலும் ஆதாரம் தேட முடியாது.

தாய்நாட்டு அனுபவத்திலும் கற்க வேண்டியது இருக்கிறது. 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது, சத்துணவுக் கூடங்களுக்கு அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று தனி ஆட்களை நியமித்தார். அரிசி அளப்பதும் அடுப்பு மூட்டுவதும் அவர்கள் பொறுப்பாயின. பள்ளிக்கூடத்தில் ஒரு நல்ல காரியத்தைச் சேர்க்கும்போது அதற்கான கைகளையும் கூடவே சேர்க்க வேண்டும் என்பதற்கு இது நல்ல உதாரணம். இதற்கு மாறான உதாரணமும் அங்கேயே கிடைக்கிறது. இந்தியாவின் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், ஆசிரியர்களைக் கல்விக்குப் புறம்பான வேலைகளில் ஈடுபடுத்தக்கூடாது என்று சொல்லிவிட்டு, மக்கள் தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றுக்கும் விலக்கு அளிக்கிறது. 2025 நவம்பரில் தமிழ்நாடு உள்படப் பல மாநிலங்களில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் நடந்தபோது, வீடு வீடாகப் போன அலுவலர்களில் ஆசிரியர்களும் இருந்தார்கள். வேலைப் பளு தாங்க முடியவில்லை என்ற புகார் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. கூடுதல் ஆட்களைத் தரும்படி நீதிமன்றம் டிசம்பர் மாதம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. ஆசிரியர் என்றால் எதற்கும் கூப்பிடலாம் என்ற எண்ணம் கடல் தாண்டியும் கூடவே வந்திருக்கிறது.

உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் உதவிக்கு இருக்கிறார்களே என்று சிலர் சொல்லலாம். தொண்டு செய்த மணிகளுக்குச் சான்றிதழ் வேண்டி வரும் இந்தப் பிள்ளைகள் வகுப்புகளுக்குப் பெரிய பலம் என்பது வாஸ்தவம். தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளைதான் இவர்கள். எழும்பூரில் அநாதைச் சிறுவர் விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதைத் தம் பள்ளியில் புகுத்தினார்; பெரிய பிள்ளையைக் கொண்டு சின்னப் பிள்ளைக்குக் கற்பித்தார். 1797இல் லண்டனில் அதைப் பற்றிப் புத்தகம் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவியது. பரவியதற்கு முக்கியக் காரணம் அதன் சிக்கனம். சட்டாம்பிள்ளை ஆசிரியருக்கு உதவலாம், ஆசிரியர் ஆக முடியாது. அவனுக்கு எதைச் சொல்லித்தர வேண்டும் என்று சொல்வதற்கே ஒருவர் வேண்டும். 16 வயதுப் பெண் ஒருத்தியை 25 குழந்தைகளோடு விட்டுவிட்டு, ஆசிரியை இல்லாத குறை தீர்ந்தது என்று எழுதிக்கொள்வது சரியல்ல. அந்தப் பெண்ணுக்கும் அது நியாயமல்ல.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? முதலில், கேட்க வேண்டியவர்களைக் கேட்க வேண்டும். 2022 மார்ச்சில் டெக்ஸாஸ் கவர்னரின் ஆணைப்படி ஆசிரியர் பற்றாக்குறையை ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. ஆரம்பத்தில் அதில் இருந்த 28 பேரில் ஆசிரியர்கள் 2 பேர்தான். ஆசிரியர்கள் ஏன் போகிறார்கள் என்பதைப் போகாத அதிகாரிகள் கூடிப் பேசுவதா என்று கண்டனம் எழுந்தது. பிறகு மேலும் ஆசிரியர்களைச் சேர்த்துச் சரிபாதியாக்கினார்கள். 2023 பிப்ரவரியில் வந்த அதன் அறிக்கை, சம்பளத்தோடு ஆசிரியர்களின் நேரத்தை மதிப்பதையும் ஒரு முக்கிய விஷயமாக வைத்தது. ஆலய நிர்வாகக் குழுக்களில் கல்விக்கென்று ஒரு பதவி உண்டு. அதில் இருப்பவர் எந்த ஞாயிறும் கரும்பலகை முன் நின்றவராக இருக்க வேண்டும் என்ற விதியைப் பெரும்பாலும் காண முடிவதில்லை.

அடுத்தது எண்ணிக்கை. அரசாங்கப் பள்ளியின் 22 என்பது ஒரே வயதுப் பிள்ளைகளுக்கு, தினமும் வரும் ஆசிரியருக்கு. ஞாயிறு வகுப்பில் போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து வந்திறங்கிய பிள்ளையும், வீட்டில் ஆங்கிலமே பேசும் பிள்ளையும் அடுத்தடுத்து உட்கார்கிறார்கள். அங்கே 15க்கு மேல் போவது கற்பிப்பதாகாது, காவல் காப்பதாகும். ஒவ்வொரு வகுப்புக்கும் இரண்டு ஆசிரியர்கள் இருந்தால், ஒருவர் தம் தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்குப் போகும்போது குற்ற உணர்ச்சியோடு போகவேண்டியதில்லை. மூன்று ஆண்டு கற்பித்தவருக்கு ஓர் ஆண்டு ஓய்வு என்று முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டால், அவர் 'அடுத்த வருஷம்' என்று சொல்வது வெறும் உபசார வார்த்தையாக இராது. உண்மையிலேயே திரும்பி வருவார். இரவு 8 மணிக்கு மேல் வீட்டுப்பாடம் பற்றிய செய்தி அனுப்பக்கூடாது என்பதற்கு ஒரு காசும் செலவில்லை. பதிவும் கட்டணமும் வருகைக் கணக்கும் பார்க்கச் சம்பளத்துக்கு ஒரு குமாஸ்தாவைப் பகுதி நேரம் வைத்துக்கொள்வதற்குத்தான் பணம் வேண்டும். சரஸ்வதி பூஜையன்று ஆசிரியர்களுக்குப் போர்த்தும் சால்வைகளை நிறுத்தினால் அந்தப் பணம் வந்துவிடாது. ஆனால் சால்வை வேண்டுமா குமாஸ்தா வேண்டுமா என்று ஆசிரியர்களைக் கேட்டால் எந்தப் பதில் வரும் என்பதில் சந்தேகமில்லை.

கசப்பான பகுதி ஒன்று மீதம் இருக்கிறது. 15 என்று வரம்பு வைத்தால் 16ஆவது பிள்ளையைத் திருப்பி அனுப்ப வேண்டிவரும். கோயிலுக்கு வந்த குழந்தையை இடமில்லை என்று அனுப்புவதா என்ற குரல் பொதுக்குழுவில் நிச்சயம் எழும். எழட்டும். இப்போதும் அந்தக் குழந்தைக்கு நாற்காலிதான் கிடைக்கிறது, இடம் கிடைப்பதில்லை. 16ஆவது குழந்தையின் பெற்றோரிடம் அந்த வேளையில் ஒரு கேள்வி கேட்கலாம்: இன்னொரு வகுப்பு தொடங்க இரண்டாவது ஆசிரியராக வருகிறீர்களா, இல்லையென்றால் நோட்டுத் திருத்த, வருகை எடுக்க, விழாவன்று சாப்பாட்டுக் கடையில் நிற்க வருகிறீர்களா? காத்திருப்போர் பட்டியலில் பெயர் எழுதும்போது கேட்கப்படும் இந்தக் கேள்விக்கு, அறிவிப்புப் பலகைத் தாளுக்குக் கிடைப்பதைவிட அதிகப் பதில் கிடைக்கும். காரில் காத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் கைப்பேசி பார்க்கும் தகப்பனார்கள் ஆலய வாகன நிறுத்தத்தில் ஞாயிறுதோறும் இருக்கிறார்கள்.

இவை வாய்மொழியாக இருந்தால் அடுத்த நிர்வாகக் குழு வந்ததும் மறைந்துவிடும். உபவிதிகளில் ஏற வேண்டும். உபவிதியைத் திருத்தப் பொதுக்குழுவின் ஓட்டு வேண்டும்; அதற்கு முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். அடுத்த ஆண்டுப் பதிவுத் தாள் வசந்த காலத்திலேயே அச்சுக்குப் போய்விடும். ஆகவே இந்தத் தீர்மானம் தைப்பூசத்துக்கு முன் செயலாளர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். அதில் கையெழுத்திடுகிறவர்களில் இப்போது கற்பிப்பவர்களும், கற்பிப்பதை விட்டவர்களும் இருக்க வேண்டும். விட்டவர்களின் தொலைபேசி எண்கள் பழைய வருகைப் பதிவேடுகளிலேயே இருக்கின்றன.